ரங்கி வந்த பொருட்பாடம்

இந்த வருஷம் வந்திருக்கும் சமூக பாடப் புத்தகத்தில் பழங்குடி மக்களைப் பற்றி ஒரு பாடம் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வீதியில் குடியிருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் அந்தப் புத்தகத்தோடு வந்து, “உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிங்க நடத்துனீங்க?” என்று கேட்டார். எங்கள் காலத்துப் புத்தகத்தில் அப்படி ஒரு பாடம் கிடையாது. இருந்தாலும் ஒரே ஒரு முறை நான் அதை நடத்தியிருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பள்ளி வாத்தியார்கள் அத்தனை பேரும் சுவரோரம் உட்கார்ந்து பார்க்க, பள்ளிகளைப் பார்வையிடும் டெபுடி இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நடத்தினேன். அந்தப் பாடம் பாதியில் என் கையை விட்டுப் போய்விட்டது. எங்கே போனது என்பதை அந்த அம்மணியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. அப்பா தறிக்காரர். நான் எட்டாவது தேறியதும், தறிக்குழியில் இறங்க வேண்டிய காலைக் கோயமுத்தூர்ப் பக்கம் திருப்பிவிட்டார். அங்கே இரண்டு வருஷம் வாத்தியார் டிரெயினிங். சாக்பீஸை ஒடித்துப் பிடித்தால் கிறீச்சிடாது, பிள்ளைகளுக்கு முழு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதக்கூடாது, பாடக்குறிப்பு இல்லாமல் வகுப்புக்குள் நுழையக்கூடாது. அந்த இரண்டு வருஷத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான் மிஞ்சும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. டெபுடி இன்ஸ்பெக்டர் பாடத்தைப் பார்த்து, ஆள் தேறுவார் என்று சொன்ன பிறகுதான் நிரந்தரம்.

பள்ளியின் மேற்குச் சன்னலைத் திறந்தால் மலை. பாலமலையும் அதையடுத்துக் குருடிமலையும் அவ்வளவு கிட்டத்தில் தெரியும். அங்கே இருளர்கள் இருந்தார்கள். அவர்கள் குடியிருப்புக்குப் ‘பதி’ என்று பெயர். சந்தை நாளில் தேன், சீமாறு, நெல்லிக்காய், கடுக்காய் என்று தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். பொழுது சாய்வதற்குள் ஏறிவிடுவார்கள். எனக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

தலைமையாசிரியரை எல்லாரும் பெரிய வாத்தியார் என்பார்கள். பெயர் அருணாசலம். பிரம்பு வைத்துக்கொள்ளாதவர். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக்கூட “ஏனுங்க கண்ணு, சிலேட்டு எங்கீங்க?” என்றுதான் கேட்பார். ஆனால் வாத்தியார்களுக்கு அவரைக் கண்டால் பயம். பாடம் நடக்கும்போது சத்தமில்லாமல் வந்து கடைசி பெஞ்சில், முழங்காலை மடக்கிக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவார். ஜிப்பாவின் இரண்டு பையிலும் புளியங்கொட்டை இருக்கும். வாத்தியார் ஒரு கேள்வி கேட்டால் வலது கைக்கு ஒரு கொட்டை. பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டால் இடது கைக்கு ஒன்று. மணியடித்ததும் என்னிடம் வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார். வலது கை நிரம்பி வழியும். இடது கையில் ஒன்றும் இருக்காது. “உங்களுக்குத் தெரிஞ்சுக்கோணும்னு எத்தனை ஆசை பாருங்க. அவங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களாட்டிருக்குது,” என்பார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போனாலும் அந்த வெறுங்கைதான் கண்ணில் நிற்கும்.

அந்தக் காலத்தில் பொருட்பாடம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பாடம் நடத்துவது. பருத்திக்காய், ஆமணக்கு முத்து, சுண்ணாம்புக்கல் என்று எதுவும் ஆகலாம். முதலில் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பிறகு தொட வேண்டும். வாத்தியார் கேள்வி கேட்டு அவர்கள் வாயாலேயே நிறம், வடிவம், பயன் எல்லாவற்றையும் வருவிக்க வேண்டும். வந்ததைக் கரும்பலகையில் சுருக்கி எழுத வேண்டும். கடைசியில் பொருளை எடுத்துவிட்டு, பார்க்காமலே சொல்லச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டார வாத்தியார்கள் ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவோம். ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார், மற்றவர்கள் குறை சொல்வார்கள்.

அடுத்த கூட்டம் எங்கள் பள்ளியில் என்று ஆனபோது டெபுடி இன்ஸ்பெக்டர் ஒரு யோசனை சொன்னார். அவர் கீழ்த் திசை ஜில்லாக்காரர். நல்ல படிப்பாளி, பேச்சும் புத்தகம்போல இருக்கும். “இந்த ஜில்லாவின் மலைவாசிகள் என்று பூகோளத்தில் ஒரு பாடம் நடத்தலாம். வெறும் படத்தைக் காட்டினால் போதாது. பக்கத்திலேயே இருக்கிறார்களே, ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து மேசை அருகே நிறுத்துங்கள்,” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். என் வேலை நிரந்தரமாவது அந்தப் பாடத்தில்தான் என்பது எல்லாருக்கும் விளங்கியது. பெரிய வாத்தியார் பையிலிருந்த கொட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

பாடத்துக்கு முன், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிந்துகொள்ள வேண்டும். அது விதி. ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். இருளர்கள் மந்திரம் வைப்பார்கள். அமாவாசையன்று புலியாக மாறுவார்கள். பாம்பைச் சுட்டுத் தின்பார்கள். யானை அவர்களைக் கண்டால் மண்டிபோடும். அழுகிற பிள்ளையைத் தேன்கூடைக்குள் போட்டு மூடிக்கொண்டு போவார்கள். இந்தக் கடைசிச் சேதியைச் சொன்ன பையன், அதைத் தன் அம்மாவே சோறூட்டும்போது சொன்னதாகச் சாட்சியும் வைத்தான். இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள் யார் என்றேன். ஒரு கையும் எழவில்லை. ஆனால் எல்லாருமே சந்தையில் அவர்களிடம் நெல்லிக்காய் வாங்கித் தின்றிருக்கிறார்கள்.

ஒரே ஒரு பையன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. வேலுச்சாமி. தோட்டத்துப் பழனிக் கவுண்டரின் மகன். கணக்கில் கெட்டிக்காரன். அன்று மேற்குச் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் அதற்கு ஒன்றும் அர்த்தம் கற்பித்துக்கொள்ளவில்லை.

சந்தை நாளில் போய் ஒரு தேன்காரியிடம் பேசினேன். ரங்கி என்று பெயர். முப்பது வயதிருக்கலாம். பக்கத்தில் அவள் மகள் மருதி, எங்கள் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் உயரம், சீமாற்றுக் கட்டுகளுக்குக் காவல் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு வந்து என்ன செய்ய வேண்டும் என்று ரங்கி கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம், பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாராவாரம் இந்தச் சந்தையில் பார்க்கிறார்களே, அங்கே வந்தால் எங்கள் மூக்கு மாறிவிடுமா என்றாள். அவள் மகள் ஏதோ காதோடு சொன்னாள். அவர்கள் பேச்சு நம்முடையதுபோலவும் இருக்கும், கன்னடம்போலவும் இருக்கும். ரங்கி யோசித்துவிட்டு எனக்கு விளங்கும்படி சொன்னாள்.

“வாரோம் சாமி. ஆனா இந்தப் புள்ளைக்கும் உங்க பள்ளிக்கொடத்தப் பாக்கோணுமாம். உங்க புள்ளைக எங்களப் பாத்தா, எங்க புள்ளைக உங்களப் பாக்கும். கேட்டா, திருப்பிக் கேக்கும். அதுக்கு ஒத்துக்கிட்டா வாரோம்.”

பெரிய வாத்தியாரிடம் வந்து சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். “இத நாம யோசிக்கவே இல்லீங்களே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சனிக்கிழமை காலையில் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வகுப்பில் இருந்த மேசையை வெளியே தூக்கி வைத்தார். பெஞ்சுகளைத் திருப்பி, இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்க்கும்படி போட்டார். வந்தவர்களைப் பெஞ்சில் உட்கார வைப்பதா என்று உதவி வாத்தியார் ஒருவர் தயங்கினார். “பின்னே, வந்தவங்கள நிக்க வெப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுப் பெரிய வாத்தியார் மறுபடி பெஞ்சைத் துடைக்கப் போய்விட்டார்.

ரங்கி, மருதி, இன்னும் நாலைந்து சிறுசுகள் வந்தார்கள். குளித்து, எண்ணெய் வைத்து, தலையில் காட்டுப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மலைப் பிள்ளைகளும் அதேபோல் பார்த்தார்கள். டெபுடி இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்டேன். என்ன தானியம் விளைவிக்கிறார்கள், எதில் வீடு கட்டுகிறார்கள் என்றெல்லாம் பாடம் ஒழுங்காகத்தான் போயிற்று. ராகி, சாமை, மூங்கில் என்று ரங்கி சொன்னாள். கரும்பலகையில் எழுதினேன். பிறகு பிள்ளைகளைக் கேட்கச் சொன்னேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் யாரிடமும் மரியாதைக்கு ‘ங்க’ போடாமல் பேச மாட்டார்கள். அன்று கேட்ட அத்தனை கேள்வியிலும் ‘நீ’ தான் வந்தது. நீ பாம்பு திம்பியா, நீ புலியப் பாத்திருக்கியா. யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாம்பு தின்பதில்லை என்று ரங்கி சொன்னதும் ஒரு பெஞ்சு முழுக்க ஏமாந்துபோயிற்று. புலியைப் பார்த்திருக்கிறாள். ஓடினாளாம். மந்திரம் போட்டிருக்கலாமே என்று ஒரு பெண் கேட்டாள். ஓடுகிறபோது மந்திரம் எங்கே ஞாபகம் வரும் என்று அவள் சொல்ல, வாத்தியார்கள் வரிசையிலேயே சிரிப்பு எழுந்தது. பேச்சின்படி அடுத்து அவர்கள் முறை. மருதி எழுந்து நின்று வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். மற்ற நாளிலும் அவள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள்போல.

“நீங்க எப்பவும் ஏன் எல்லாரும் ஒரே பக்கம் பாத்து உக்காந்திருக்கீங்க? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தா சண்டை வந்திருமா?”

எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும்தான். கரும்பலகை இருப்பதால் என்று ஒரு பையன் சொன்னான். கரும்பலகையை நடுவில் வைத்தால் என்ன என்று மருதியின் பக்கத்திலிருந்த சிறுவன் கேட்டான். டெபுடி இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, பாடத்துக்கு வாருங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார்.

அப்போதுதான் வேலுச்சாமி எழுந்தான். கை தூக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. ரங்கியை நேராகப் பார்த்தான்.

“என்ற தம்பிய நீ ஏன் கொன்னே?”

டெபுடி இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அந்தப் பையனை வெளியே அனுப்புங்கள் என்றார். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த பெரிய வாத்தியாரின் குரல் வந்தது. “பாடம் நடக்குதுங்க,” என்றார். அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார்.

விவரம் எனக்குப் பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. நான் வேலைக்கு வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வாந்திபேதி கண்டது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ரங்கியின் புருஷன் நஞ்சன், பழனிக் கவுண்டர் தோட்டத்தில் வேலி கட்டிய வேலைக்குக் கூலியாகத் தானியம் கேட்டுப் போய், வாய்ப்பேச்சு தடித்துத் துரத்தப்பட்டிருக்கிறான். போகும்போது என்னவோ முணுமுணுத்துக்கொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு கவுண்டர் வீட்டுக் கைக்குழந்தை ஒரே நாளில் போய்விட்டது. நஞ்சனைப் பிடித்துத் தென்னை மரத்தில் கட்டி அடித்தார்கள். அன்றிலிருந்து அவன் மலையை விட்டு இறங்குவதில்லை. ஒரு காது சரியாகக் கேட்பதுமில்லை. வேலுச்சாமிக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி மந்திரத்தால் செத்தான் என்பதுதான்.

ரங்கிக்கு அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிட்டது. நான் பயந்தேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

“உன் தம்பி பேரு என்ன கண்ணு?”

“ராசு.”

“நடந்தானா?”

“சுவத்தப் புடிச்சுட்டு நிப்பான்.”

ரங்கி தலையாட்டினாள். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் அவனிடம் மட்டும் பேசினாள். “எனக்கு ரெண்டு போச்சு. அதே மழையில. பெரியவன் காலையில. சின்னது பொழுது எறங்கையில. இவ ஒருத்திதான் மிச்சம். அப்ப நாங்க என்ன நெனச்சோம்னா, கீழ் நாட்டுச் சனம்தான் அனுப்பிச்சு விட்டாங்கன்னு நெனச்சோம். நீங்க ஏறி வரக்கூடாதுன்னு பாதையில முள்ளு வெட்டிப் போட்டோம்.”

வேலுச்சாமி பக்கத்திலிருந்த பெண் சொன்னாள்: “எங்கப்பாவும் போட்டாங்க. அவங்க எறங்கி வரக்கூடாதுன்னு அதே பாதையில.”

ஒரே பாதைக்கு மேலே ஒரு முள், கீழே ஒரு முள். பிள்ளைகள் அதை மனசில் வரைந்து பார்ப்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. அப்புறம் கேள்விகள் தானாக வர ஆரம்பித்தன. யார் ஊரில் முதலில் வந்தது? அப்படியானால் அதை அனுப்பியது யார்? மந்திரம் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள்? இதைக் கேட்டது வேலுச்சாமிதான். கேட்டுவிட்டு, கணக்கில் விடை இடிக்கும்போது பார்ப்பானே, அந்தப் பார்வையோடு என்னைப் பார்த்தான்.

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. போன மாதம்தான் இதே வகுப்பு சுகாதாரப் பரீட்சை எழுதியது. வாந்திபேதி எதனால் வருகிறது என்ற கேள்விக்கு அத்தனை பேரும் அசுத்தமான தண்ணீரால் என்று எழுதியிருந்தார்கள். வேலுச்சாமிக்கு முழு மார்க்கு போட்டவன் நான். அந்த விடை பரீட்சைத் தாளில் இருந்தது. மந்திரம் வீட்டில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. அந்த மழையில் எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள் என்று இரு தரப்பையும் கேட்டேன். சந்தைக்கு வந்தவர்கள் சந்தைக் கிணற்றில் குடித்திருக்கிறார்கள். கீழேயும் அதே கிணறுதான். அது மழையில் நிரம்பி, சாக்கடையோடு கலந்து வழிந்ததைப் பார்த்ததாக மூன்று நாலு குரல்கள் எழுந்தன. ஆனால் பதியில் பாதிப் பேர் சந்தைக்கே வராதவர்கள், அவர்களுக்கு எப்படி வந்தது என்று மருதி கேட்டாள். அதற்கு அன்று விடை கிடைக்கவில்லை. பிறகும் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

மணியடித்தது. வேலுச்சாமி இன்னும் நின்றுகொண்டிருந்தான். “உங்க புள்ளைக பேரு என்னங்க?” என்று ரங்கியைக் கேட்டான். வகுப்பில் வேறு யாரும் அந்த ‘ங்க’வைக் கவனித்தார்களா தெரியாது. பெரிய வாத்தியார் கவனித்தார். ரங்கி இரண்டு பெயர்களையும் சொன்னாள். அவை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கின்றன. எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பிறகு குறை சொல்லும் கூட்டம். கரும்பலகைச் சுருக்கம் முடிக்கப்படவில்லை என்றார் ஒருவர். பாடக்குறிப்பிலிருந்து வாத்தியார் விலகிவிட்டார் என்றார் இன்னொருவர். மாணவர்கள் முன்னால் சாவைப் பேசியது தகாது என்றார் மூன்றாமவர். டெபுடி இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பொருளே எழுந்து கேள்வி கேட்குமானால் அது பொருட்பாடம் ஆகாது,” என்று முடித்தார். பெரிய வாத்தியார் எழுந்து, “வாஸ்தவமுங்க. அடுத்த மொறை வேற பேரு வெச்சுப்போடலாமுங்க,” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே பேர் யோசிக்கிற முகம். அன்று பையிலிருந்த கொட்டைகளை எண்ண மறந்துவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார். என் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று.

திங்கட்கிழமை பிள்ளைகள் சிலர் வரவில்லை. பெற்றோருக்கு மனத்தாங்கல். நான் எதிர்பார்த்தது பழனிக் கவுண்டரை. அவர் செவ்வாய்க்கிழமை வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. வேப்ப மரத்தடியில் நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நானும் பெரிய வாத்தியாரும் நினைத்தோம்.

“அவளுக்கும் ரெண்டு போச்சுன்னு பையன் வந்து சொல்றானுங்க. நெசமுங்களா?”

அவள் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும், நாங்கள் பார்க்கவில்லை என்றார் பெரிய வாத்தியார். கவுண்டர் மலையைப் பார்த்தார். பையன் இரண்டு நாளாகச் சோறு தின்னும்போதும் படுக்கும்போதும் அதையே கேட்கிறான் என்றார். மந்திரம் தெரிந்தவன் தன் பிள்ளையை ஏன் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்கிறானாம். குழந்தை போனதிலிருந்து அவர் மனைவி பாவாத்தாள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றும், பையன் சொன்னதைக் கேட்டுவிட்டு முந்தின நாள்தான் முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்து, அந்தப் பதிக்குப் போய் ரங்கியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதாகவும் சொன்னார்.

“எனக்கு இன்னும் மனசு சரியாகலீங்க,” என்றார். “அவனைக் கட்டி வெச்சது தப்புன்னு நான் சொல்ல வரலை. ஆனா அவ போவோணும்ங்கறா. நீங்க கூட வாங்க. நான் மட்டும் போனா மறுபடி அடிக்க வந்துட்டேன்னு நெனச்சுக்குவாங்க.”

அடுத்த சந்தை நாளில் ரங்கியிடம் சொல்லியனுப்பிவிட்டு, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏறினோம். கவுண்டர், பாவாத்தாள், வேலுச்சாமி, நான். பெரிய வாத்தியாருக்கு முழங்கால் வலி, வரவில்லை. கவுண்டர் வீட்டார் தங்கள் வீட்டுத் தண்ணீரைச் செம்பில் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். பதியில் யார் கொடுத்ததையும் கவுண்டர் வாயில் வைக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். பதிக்குள் நுழைந்ததும் அங்கிருந்த பிள்ளைகள் வேலுச்சாமியைச் சூழ்ந்துகொண்டு, சட்டைப் பொத்தானையும் தலை வகிட்டையும் பார்த்தார்கள். அவனும் நின்று காட்டினான். நஞ்சன் தன் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. கவுண்டர் அவனைப் பார்த்தார். பதிக்கு வெளியே இருந்த ஒரு பெரிய மரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கடைசிவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரங்கி எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். பதிக்குக் கொஞ்சம் தள்ளி, அந்த மரத்திலிருந்து குரல் கேட்கும் தூரத்தில், இடுப்பளவு உயரத்தில் கல்லால் அடுக்கிய ஒரு சின்ன வீடு. உள்ளே ஆள் இல்லை. பள்ளத்து ஓடைத் தண்ணீரில் உருண்டு வழுவழுப்பான கற்கள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவர்களில் யார் இறந்தாலும் ஒரு கல்லைப் பொறுக்கி வந்து அங்கே வைப்பார்களாம். வாசலில் பதியின் தலைவர் நின்றிருந்தார். அவரை மூப்பன் என்று அழைப்பார்கள். வேலுச்சாமி குனிந்து பார்த்தான். இது யாருடையது, அது யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மூப்பன் பொறுமையாகச் சொன்னார். சில கற்களுக்குப் பெயர் அவருக்கே தெரியவில்லை. அவர் பிறப்பதற்கு முந்தினவை. ரங்கி ஓரத்தில் இருந்த இரண்டு சின்னக் கற்களைக் காட்டினாள். பாவாத்தாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

வேலுச்சாமி நிமிர்ந்து, “என்ற தம்பிக்கு ஒண்ணு வெக்கலாங்களா?” என்றான்.

நான் அவன் தோளைத் தொட்டேன். அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று சொல்ல வந்தேன். மூப்பன் ரங்கியைப் பார்த்தார். பிறகு பையனிடம் அல்லாமல் அவன் தாயிடம் கேட்டார்.

“இது எங்க ஆளுக இருக்கற எடம். இங்க இருக்க அவன் சம்மதிப்பானா தாயி?”

பாவாத்தாள் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். அந்தம்மாள் குரலை அன்றுதான் கேட்டேன்.

“யாரு கையை நீட்டுனாலும் போயிருவானுங்க. ஆளு பாக்க மாட்டான்.”

மூப்பன் வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டி, வழுவழுவென்று ஒன்று பார்த்து எடுத்துவரச் சொன்னார். வேலுச்சாமி ஓடினான். இடம் காட்ட மருதியும் பின்னால் ஓடினாள். அவர்கள் அந்தப் பெரிய மரத்தைத் தாண்டும்போது, அதுவரை திரும்பாமல் நின்றிருந்த கவுண்டர் திரும்பினார்.

“சின்னதா ஒண்ணு பாருடா,” என்றார்.